செவிலியின் சிமிழ்

எழில் முதன்முதலாக "ம்மா" என்று சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு. அவளைப் பெற்ற தில்லைநாயகி அந்த நேரத்தில் தரமணியில், ஆய்வகத்தின் நான்காவது மாடியில், டீயைக் கையில் வைத்துக்கொண்டு கைப்பேசியில் வீட்டுக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மாதக் குழந்தை தரையில் உட்கார்ந்தபடி, தன்னைப் பார்த்துக்கொள்ள வரும் லூர்துமேரியை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டி, தெளிவாக, இரண்டு தடவை சொன்னாள்.

லூர்துமேரி சட்டென்று கேமராவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு கேமராவுக்கு எட்டாத பக்கம் போய்விட்டாள்.

அந்தப் பார்வைதான் தில்லையை அதிகம் சுட்டது. பொருள் திருடியவள் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது அது.

சாயங்காலம் கணவன் சிவநேசனிடம் சொன்னபோது அவன் சிரித்தான்.

"லூர்தக்காவைப் பார்த்தா சொன்னா? உன் வாசனையைப் பார்த்துச் சொன்னா. அவங்க பூசிக்கறது யாரோட வாசனை? உன்னோடது. அதுக்குத்தானே நீ அதைக் கண்டுபிடிச்ச? வேலை செய்யுதுன்னு சந்தோஷப்படு."

"சந்தோஷமாத்தான் இருக்கு" என்றாள் தில்லை. குரல் அப்படிச் சொல்லவில்லை.

அவன் சொன்னதில் தப்பில்லை. அது அவள் கண்டுபிடித்ததுதான். சரியாகச் சொன்னால், கண்டெடுத்தது.

நான்கு வருடங்களுக்கு முன் அவள் கெய்ரோவில் எட்டு மாதம் வேலை பார்த்தாள். பாலைவனத்துக் கல்லறை ஒன்றிலிருந்து எடுத்த ஒப்பனைச் சிமிழ்களை ஆராயும் குழு அது. கண்மைக்கு இருந்த குட்டைச் சிமிழ்கள், தட்டை மூடி போட்டவை. தைலத்துக்கு இருந்த நீள்கழுத்துச் சிமிழ்கள். எல்லாம் வெண்ணெய் நிறக் கல்லில் குடைந்தவை. விளக்குக்கு நேரே பிடித்தால் கல்லுக்குள் வெளிச்சம் ஊறி நிற்கும். மூவாயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முந்தைய ஒரு பெண் காலையில் எழுந்து விரல் விட்டுத் தொட்ட பாத்திரம் என்று நினைக்கும்போதெல்லாம் தில்லைக்குக் கை கூசும்.

இருபத்தேழாம் எண் சிமிழ் மட்டும் வேறு மாதிரி. உள்ளங்கை அளவுதான். கால் மடித்து உட்கார்ந்த ஒரு பெண், மடியில் குழந்தை. அவள் தலைதான் வாய், வயிறுதான் பாத்திரம். உள்ளே கெட்டிப்பட்ட கொழுப்பு. தில்லை செய்திருந்த கருவி எந்த வாசனையையும் அதன் மூலக்கூறுகளாகப் பிரித்துப் படிக்கும். ஆய்வகத்தில் அதற்கு 'மூக்கு' என்றே பெயர். அந்த மூக்கு கொழுப்பில் பூவையோ பிசினையோ கண்டுபிடிக்கவில்லை. மனிதத் தோலைக் கண்டுபிடித்தது. ஒரே ஒரு பெண்ணின் தோல்.

"வியர்வை கலந்துவிட்டதா?" என்று குழுத் தலைவி நாதியா கேட்டாள்.

"இல்லை, வேண்டுமென்றே ஏற்றியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் மல்லிகைக்கு நடுவே எள்ளைப் பரப்பி வைத்து, வாசனை ஏறினதும் எண்ணெய் ஆட்டுவார்கள். அதுபோலக் கொழுப்புத் தடவிய துணியை ஒரு பெண்ணின் உடம்பில் நாள்கணக்கில் சுற்றி வைத்திருக்கிறார்கள்."

நாதியா சிமிழின் அடியில் இருந்த எழுத்துகளைக் காட்டினாள். "இது ஒரு செவிலித்தாயின் பெயர். பெரிய வீட்டுக் குழந்தைக்குப் பாலூட்டியவள். தன் வாசனையையே அவள் பூசிக்கொள்ள வேண்டியதில்லை. தோல் வேறொருத்தியுடையது என்றால்..."

"பெற்றவளுடையது" என்றாள் தில்லை. "பெற்றவளின் வாசனையைச் செவிலி பூசிக்கொள்வாள். குழந்தை ஏமாந்துபோய்ப் பால் குடிக்கும்."

அந்த ஒரு வாக்கியத்தைத்தான், அவளையும் சேர்த்து, சென்னையில் ஒரு நிறுவனம் வாங்கிக்கொண்டது. தாய் மூன்று நாள் ஒரு பருத்தித் துணியைத் தோளில் கட்டியிருந்தால் போதும். அதிலிருந்து அவள் வாசனையை மூக்கு படித்து, இயந்திரம் நகலெடுத்து, டப்பா டப்பாவாகப் பூச்சு செய்து கொடுத்துவிடும். பெயர், 'தாய்மணம்'. யார் பூசிக்கொண்டாலும் பன்னிரண்டு மணிநேரத்துக்குக் குழந்தை அவளைத் தாய் என்று நம்பும் என்பது விளம்பரம். இரண்டே வருடத்தில் ஒன்பது லட்சம் குழந்தைகள்.

அதன் பிறகு நடந்தவற்றை யாரும் விளம்பரத்தில் போடவில்லை. ஆறு மாதப் பிரசவ விடுப்பை நிறுவனங்கள் ஆறு வாரம் ஆக்கின. "பூச்சுதான் இருக்கே மேடம், அப்புறம் எதுக்கு வீட்ல உக்காரணும்?" என்று ஹெச்.ஆர். பெண்களே கேட்டார்கள். குழந்தைக் காப்பகங்களில் ஒரு ஆயாவுக்கு நான்கு குழந்தைகள் என்று கணக்கானது. வலது தோளில் ஒரு தாயின் பூச்சு, இடது தோளில் இன்னொருத்தியுடையது, இரண்டு முழங்கைகளிலும் வேறு வேறு. எந்தக் குழந்தையை எந்தப் பக்கம் தூக்குவது என்று ஆயாக்கள் சட்டையில் குறித்து வைத்துக்கொண்டார்கள். தில்லைக்குக் குழந்தை பிறந்தபோது அவளுக்கும் ஆறு வாரம்தான் கிடைத்தது. பூச்சைக் கண்டுபிடித்தவளே கூடுதல் விடுப்புக் கேட்டால் நன்றாகவா இருக்கும்?

லூர்துமேரி வந்தாள். காரைக்கால் பக்கத்துக்காரி, நாற்பத்தாறு வயது, கல்யாணம் செய்துகொடுத்த மகள் ஒருத்தி உண்டு. அதிர்ந்து பேசமாட்டாள். காலை எட்டரைக்கு வந்தால் இரவு எட்டுக்குப் போவாள்.

முதல் "ம்மா"வுக்குப் பிறகு தில்லை எண்ண ஆரம்பித்தாள். தன்னிடம் எழில் எத்தனை தடவை சிரிக்கிறாள், லூர்துமேரியிடம் எத்தனை தடவை. தன் மடியில் எத்தனை நிமிடம் இருக்கிறாள், எப்போது நழுவுகிறாள். தடுப்பூசி போட்ட மறுநாள் காய்ச்சல் என்று ஒருநாள் லீவு போட்டு வீட்டில் இருந்தாள். லூர்துமேரியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எட்டரை மணிக்கு எழில் அவள் மடியிலிருந்து இறங்கித் தவழ்ந்துபோய் வாசல் கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். தூக்கினால் முறுக்கிக்கொண்டாள். மத்தியானம் வரைக்கும் அங்கேயே.

தில்லை தன் மணிக்கட்டைத் தானே முகர்ந்து பார்த்தாள். 'அவ பூசிக்கறது என் நகல். அசல் நான். அசல் மடியில இருக்கும்போது நகலுக்காக ஏன் கதவைப் பாக்கறா?'

விஞ்ஞானி மனது காரணம் ஒன்று கண்டுபிடித்துக் கொடுத்தது. நகலின் அடர்த்தி அதிகம். பெற்றவள் மேல் இருப்பதைவிடப் பன்னிரண்டு மடங்கு. அந்த அளவைப் பழகிய குழந்தைக்கு அசல் சப்பென்று இருக்கத்தானே செய்யும்? பூச்சை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும்.

நிறுத்துங்கள் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. பொறாமை வந்தவர்களுக்கு நேர்வழி கண்ணில் படுவதில்லை. ஆய்வகத்தில் வாசனையே இல்லாத பூச்சு ஒன்றை அதே நிறத்தில், அதே பதத்தில் செய்து, அதே டப்பாவில் அடைத்து, வீட்டு அலமாரியில் மாற்றி வைத்தாள்.

ஒரு வாரம் கேமராவைப் பார்த்தாள். எதுவும் மாறவில்லை. எழில் லூர்துமேரியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நடக்கப் பழகினாள்.

இரண்டாம் வாரம் அவள் செய்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆய்வகத்தில் 'ஒதுக்கல் நாற்பது' என்று ஒரு கலவை உண்டு. குழந்தைகள் எந்த வாசனையை வெறுக்கின்றன என்று பார்ப்பதற்காகச் செய்தது. பதினேழு குழந்தைகளில் பதினாறு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டு அழுததால் அந்தச் சோதனையையே நிறுத்தியிருந்தார்கள். அதை எடுத்து டப்பாவில் கலந்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கேமராவைத் திறந்தாள். லூர்துமேரி குழந்தையை மார்போடு அணைத்து நின்றிருந்தாள். எழில் அவள் கழுத்து வளைவுக்குள் மூக்கை நுழைத்து, கிச்சுகிச்சு மூட்டினதுபோல் சிரித்துக்கொண்டிருந்தாள். தில்லையின் டீ மேசையில் கொட்டியது. துடைக்காமல் எழுந்துபோய்விட்டாள்.

அன்று மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்தாள்.

"என்னம்மா, சீக்கிரமே வந்துட்டீங்க? உடம்பு சரியில்லையா?" என்றாள் லூர்துமேரி. எழில் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தில்லை அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்தாள். அன்றைய அளவு சரியாகக் குறைந்திருந்தது. வந்து லூர்துமேரியின் கையைப் பிடித்து முகர்ந்தாள். சோப்பு வாசனை. கொஞ்சம் மஞ்சள். வேறு ஒன்றுமில்லை.

"இன்னிக்கு இதைப் பூசினீங்களா?"

"பூசினேம்மா."

"பொய் சொல்லாதீங்க. பழைய டப்பா எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க? எத்தனை டப்பா சேத்து வச்சிருக்கீங்க?"

"ஒளிச்சு வைக்கவா? நானா?" லூர்துமேரி ரவிக்கையின் கழுத்தை ஒரு பக்கமாக இழுத்துத் தோளைக் காட்டினாள். பழைய தழும்புகள், கறுத்துப்போய், கொத்தாக.

"மூணாம் நாளே கொப்புளம் போட்டிருச்சும்மா. தீயில சுட்ட மாதிரி எரிச்சல். பூச்சு ஒத்துக்கலன்னா வேற ஆள் போட்டுருவோம்னு ஏஜென்சியில முதல்லயே சொல்லியிருந்தாங்க. எனக்கு இந்த வேலையை விட்டா வேற போக்கு இல்லம்மா. அதனால தினம் ஒரு விரல் வழிச்சு, வாஷ்பேசின்ல போட்டுத் தண்ணிய ஊத்திருவேன். உங்களுக்குச் சந்தேகம் வந்திரக் கூடாதுன்னு."

"அப்ப... இந்த ஒன்பது மாசமா?"

"குளிச்சிட்டு வருவேன். வந்து பிள்ளையத் தூக்குவேன். அம்புட்டுத்தாம்மா."

தில்லை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இந்த டப்பா வேற ஒரு மாதிரி நாத்தம் அடிச்சுது" என்றாள் லூர்துமேரி, மன்னிப்புக் கேட்கும் குரலில். "கெட்டுப்போச்சோ என்னவோன்னு நெனச்சேன். பூசாததும் நல்லதாப்போச்சு, பிள்ளைக்கு ஆவாதுல்ல?"

தில்லைக்கு முகம் கொதித்தது.

அதுவரை அவளுடைய பொறாமையில் ஒரு ஆறுதல் ஒளிந்திருந்தது. என்ன இருந்தாலும் குழந்தை தேடுவது தன்னைத்தான், வேறொருத்தியின் உடம்பில் இருக்கும் தன்னை. இப்போது அதுவும் போயிற்று. எதிரில் நிற்பது நகலல்ல. லூர்துமேரி என்ற முழு மனுஷி. எழில் அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

"பேசாம வேற ஆளைப் போடு" என்றான் சிவநேசன்.

அவள் ஏஜென்சிக்குப் பேசத்தான் மறுநாள் காலையில் கைப்பேசியை எடுத்தாள். ஆனால் நாதியாவை அழைத்தாள்.

"ஒன்று கேட்க வேண்டும். இருபத்தேழாம் சிமிழில் எவ்வளவு கொழுப்பு மிச்சம் இருந்தது?"

"கிட்டத்தட்ட முழுதாக இருந்ததே" என்றாள் நாதியா. "இரண்டு இடத்தில் மட்டும் விரல் தடம். ஒரே விரல். மற்றச் சிமிழ்களெல்லாம் வழித்துத் துடைத்த மாதிரி காலியாக இருக்கும். கண்மைச் சிமிழ்களில் அடியைச் சுரண்டிய கீறல்கூட உண்டு."

"இரண்டே தடவைதான் தொட்டாளா?"

"அப்படித்தான் தெரிகிறது."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"அறிக்கையில் எழுதியிருந்தேன், தில்லை. பதினெட்டாம் பக்கம். உங்கள் நிறுவனம் கலவை என்ன என்றுதான் கேட்டது. அது பயன்பட்டதா என்று யாரும் கேட்கவில்லை." சற்று நிறுத்தி, "நீயும் கேட்கவில்லை" என்றாள்.

அன்றைக்கே தில்லை பழைய சோதனைக் கோப்புகளைத் திறந்தாள். பூச்சு பூசிய பெண்களிடம் குழந்தைகள் நன்றாக ஒட்டிக்கொண்டதாக ஐந்நூறு பக்கம் இருந்தது. அந்தப் பெண்கள் எல்லோரும் தினமும் எட்டு மணிநேரம் குழந்தையைத் தூக்கி வைத்திருந்தவர்கள். பூச்சே இல்லாமல் எட்டு மணிநேரம் தூக்கி வைத்திருந்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஒரு குழுகூட வைக்கவில்லை. சோதனையை வகுத்தவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்துதான் இருந்தது.

நான்கு நாளில் அறிக்கை எழுதினாள். நேர்மைக்காக எழுதுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்கு அடியில் இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் அவளுக்குத் தெரியும். பூச்சு பொய் என்றானால் விடுப்பு திரும்பக் கிடைக்கும். விடுப்பு கிடைத்தால் அவள் வீட்டில் இருப்பாள். வீட்டில் அவள் இருந்தால் லூர்துமேரி வரவேண்டியதில்லை.

கூட்டம் வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது. இயக்குநர் பத்ரிநாத், குழந்தை மருத்துவர் ஒருவர், விற்பனைப் பிரிவுத் தலைவி ஷைலஜா. பத்ரிநாத் அறிக்கையை இரண்டு முறை புரட்டினார்.

"ஒரு குழந்தையை வச்சு எதையும் சொல்லிட முடியாது, தில்லை."

"தெரியும் சார். அதனாலதான் ஒப்பீட்டுக் குழு வச்சு மறுபடி சோதனை பண்ணணும்ங்கறேன். அதுவரைக்கும் விற்பனையை நிறுத்தணும்."

மருத்துவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பூச்சு இல்ல. ரத்த சம்பந்தம் இல்ல. பால் கொடுத்ததும் இல்ல. அப்ப இந்தக் குழந்தை ஏன் அந்த அம்மாகிட்ட இப்படி ஒட்டிக்கிச்சு? காரணம்னு நீங்க எதுவுமே எழுதலையே?"

அறிக்கையில் அந்த இடத்தை அவள் வேண்டுமென்றேதான் வெறுமையாக விட்டிருந்தாள். மூன்று பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவளுக்கு அவங்களைப் பிடிச்சிருக்கு, டாக்டர்" என்றாள்.

ஷைலஜாதான் முதலில் நிமிர்ந்தாள்.

"சார், பூச்சே இல்லாம, ஒரு குழந்தை ஒருத்தங்ககிட்ட இவ்வளவு ஒட்டுதுன்னா, அந்த அம்மாவோட உடம்பு வாசனையிலயே ஏதோ இருக்கு. எந்தத் தாய்க்கும் இல்லாத ஏதோ ஒண்ணு. ஒவ்வொரு தாய்க்கும் தனித்தனியா நாம எதுக்கு நகலெடுக்கணும்? அவங்க ஒருத்தங்களை எடுத்தாப் போதுமே. எல்லாக் குழந்தைக்கும் ஒரே பூச்சு."

பத்ரிநாத்தின் முகம் தெளிந்ததைத் தில்லை பார்த்தாள். கூட்டம் முடியும்போது அவள் கையில் ஒரு பை இருந்தது. உள்ளே முத்திரையிட்ட மூன்று பருத்தித் துணிகளும், கையடக்கமான ஒரு மூக்கும்.

"இது நாம பேச வந்த விஷயமில்ல சார்" என்றாள்.

"முதல்ல மாதிரியைக் கொண்டு வா. அப்புறம் உன் அறிக்கையைப் பேசுவோம்."

அவள் பையை மறுத்திருக்கலாம். வாங்கிக்கொண்டதற்குக் காரணம் பத்ரிநாத் இல்லை. ஷைலஜா பேசும்போதே மனதுக்குள் ஒரு நப்பாசை எழும்பியிருந்தது. லூர்துமேரியின் தோலில் உண்மையாகவே ஏதாவது மூலக்கூறு இருந்துவிட்டால்? அப்படியானால் தோற்றது தில்லை என்ற தாய் இல்லை. வெறும் வேதியியல். அதற்குப் போய் யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி இரண்டரை. கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே லூர்துமேரி தூங்கிக்கொண்டிருந்தாள். எழில் அவள் வலது தோளில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ரவிக்கையில் எச்சில் பரவி ஈரமாகியிருந்தது.

தில்லை செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் பக்கத்தில் மண்டியிட்டு, மூக்கை எடுத்து லூர்துமேரியின் இடது தோளுக்கு அருகே, குழந்தை படாத பக்கம், பிடித்தாள். கருவி அரை நிமிடம் எடுத்துக்கொண்டது. ஆய்வகத்தின் சேமிப்பில் இருக்கும், பூச்சு வாங்கிய வீடுகளின் தாய் சேய் வாசனைகள் ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டுப் பார்த்து, திரையில் பதில் போட்டது.

சிறப்பு மூலக்கூறு எதுவும் இல்லை. சோப்பு, மஞ்சள், சாதாரண வியர்வை. அதற்கு மேலே, எல்லாவற்றையும் மூடிக்கொண்டு, எண்பத்தொன்பது விழுக்காடு பொருத்தத்தோடு ஒரே பெயர்: எழில்.

நம்பாமல் தானே குனிந்து முகர்ந்தாள். புளித்த பால். பவுடர். வேர்த்த குழந்தைத் தலை. கழுவினாலும் போகாத அளவுக்கு அந்தத் தோளில் அவள் மகள் ஊறியிருந்தாள்.

பிறகு கருவியைத் திருப்பித் தன் தோளில் வைத்தாள். வைக்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்தாள். எழில், ஆறு விழுக்காடு.

துணிகளைப் பிரிக்கவே இல்லை. பையை மறுநாள் அப்படியே பத்ரிநாத்தின் மேசையில் வைத்துவிட்டு, அறிக்கையின் நகலை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, வேலையையும் விட்டாள். அதெல்லாம் மறுநாள். அன்றைக்கு, கருவியை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, லூர்துமேரியின் முழங்கையை மெல்லத் தொட்டாள்.

லூர்துமேரி திடுக்கிட்டு விழித்தாள். "ஐயோ, கண்ணசந்துட்டேம்மா..."

"பரவால்ல லூர்தக்கா. எவ்ளோ நேரமா வச்சிருக்கீங்க? கை மரத்துப்போயிருக்கும். கொஞ்ச நேரம் நான் வச்சுக்கறேன்."

"முழிச்சா அழுவாளேம்மா."

"அழட்டும்."

எழில் விழித்தாள். தன்னைத் தூக்கியிருப்பது யார் என்று பார்த்தாள். அழுதாள். வில்லாக வளைந்து, லூர்துமேரி இருந்த பக்கம் கையை நீட்டி நீட்டி அழுதாள். லூர்துமேரி இரண்டு அடி முன்னால் வந்தாள். தில்லை தலையசைத்து வேண்டாம் என்றாள். கொடுத்துவிடலாம் என்று பத்து தடவை தோன்றியது, கொடுக்கவில்லை. கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்தாள். தெருவில் போன தண்ணி லாரியைக் காட்டினாள். பாட வரவில்லை, ஆய்வகத்து மூலக்கூறுகளின் பெயர்களைச் சொல்லிச் சொல்லித் தட்டிக்கொடுத்தாள். புடவைத் தோள் நனைந்தது. நாற்பது நிமிடம் ஆனது. அழுகை விக்கலானது, விக்கல் பெருமூச்சானது. கடைசியில் எழில் களைத்து, அவள் கழுத்து வளைவுக்குள் மூக்கைப் புதைத்து, தூங்கிப்போனாள்.

தில்லை மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

சமையலறை வாசலில், முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கியபடி, லூர்துமேரி நின்றிருந்தாள். அவள் பார்வை குழந்தையின் மேல் இல்லை. தில்லையின் தோளின் மேல் இருந்தது. அந்த முகத்தில் இருந்தது என்னவென்று தில்லைக்கு எந்தக் கருவியும் படித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.